ஓர் இளைஞனின் படத் தொகுதி

அண்மையில் எங்கள் கல்லூரியிற் பயிலும் மாணவி ஒருத்தி தடித்த அல்பம் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தாள். வயது இருபத்திரண்டு இருக்கலாம். "ஐயா, இந்தப் படங்களின் கீழே இரண்டு மூன்று சொல்லிலே நல்ல தமிழ் எழுதித் தரவேண்டும்" என்று கேட்டாள். தாள்களைப் புரட்டினேன். தோழியர் நால்வர் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு நிற்கின்றனர். பிறந்தநாள் விருந்தொன்றில் ஒருத்தியின் மூக்கிலே கேக்கின் வெண்பூச்சுத் தடவப்பட்டிருக்கிறது. எல்ல என்னும் மலையூரின் ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது ஏழுபேர் வரிசையாய் நடக்கின்றனர். தன் கையால் இழைத்த பனையோலைப் பெட்டிகளையும், கடதாசிப் பூக்களையும், பழஞ்சேலையில் தைத்த பைகளையும் வெயிலில் வைத்துப் படமெடுத்திருக்கிறாள். கைத்தொலைபேசியில் எடுத்தவற்றை அச்சிட்டு ஒட்டியிருந்தாள்.

சில ஆண்டுகட்கு முன்னராயின், "பிள்ளை, இதனை வைத்துவிட்டு நன்னூலை எடு" என்று சொல்லியிருப்பேன். விருந்துண்டதும் வேடிக்கை பார்த்ததும் ஒரு பொருளாமோ, அவற்றுக்குத் தமிழும் ஒரு கேடோ என்று கருதியவன் நான். அன்று அவ்வாறு சொல்ல நா எழவில்லை. அதன் காரணத்தை வாசக அன்பர்கட்குச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன்.

வேட்டுவர் சொல்

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். ஆயத்தமின்றி நொடிப்பொழுதில் எடுக்கும் இத்தகைய படத்தை ஆங்கிலர் 'ஸ்நாப்ஷொட்' என்பர். இது வேட்டைக்காரர் வழங்கிய சொல். புதரிலிருந்து பறவை எழுந்த கணத்தே, குறிபார்த்து நிதானியாமற் சுடுகின்ற சூட்டுக்கு அப்பெயர். வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷல் 1860 ஆம் ஆண்டில் அதனைப் படப்பிடிப்புக்கு ஏற்றிச் சொன்னார். அவர் அவ்வாறு சொன்ன காலத்தில் அத்தகைய படம் எளிதிற் கைகூடுவதன்று. 1839 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் டாகேர் என்பாரின் முறை வெளியிடப்பட்ட போது, படத்துக்கு இருப்பவர் கல்லிற் சமைத்தவர்போல் அசையாதிருத்தல் வேண்டும். அசைந்தால் முகம் கலங்கிவிடும். அக்காலத்துப் படங்களில் நம் முன்னோர் மாத்திரமன்றி உலகத்து முன்னோர் அனைவருமே சினங்கொண்டவர்போற் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுநேரம் நிற்பது சிரிப்புக்கு இயல்பன்று.

1888 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடாக் என்னும் கமராவை விற்பனைக்கு விட்டார். அதனுள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருக்கும். விலை 25 டொலர். நூறும் முடிந்தபின் கமராவையே ரொச்செஸ்ரர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900 ஆம் ஆண்டில் பிரௌனி என்னும் பெட்டிக் கமரா ஒரு டொலருக்கு வந்தது. அரசரும் செல்வரும் தம் உருவை எழுதுவித்த காலம் அதனோடு கழிந்தது. பள்ளிச் சிறுவனும் தன் நாய்க்குட்டியைப் படமெடுக்கலாயினன். சிரிப்பும் படத்துள் வந்து சேர்ந்தது.

இதற்குத் தமிழிலே ஒளிப்படம் என்பதா, நிழற்படம் என்பதா என்று எம்போன்றோர் இன்றும் வழக்காடுவதுண்டு. ஒளியினாற் பதிவது ஆதலின் ஒளிப்படம் என்பதே தக்கது என்பது நெடுங்காலமாக என் கட்சி. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பரீசு நகரத்துப் பிள்ளை

இளைஞன் ஒருவனின் அல்பம் என்னவாகக் கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. ஷாக் ஆன்ரி லார்த்திக் என்பார் 1894 ஆம் ஆண்டிலே பரீசுக்கு அணித்தான கூர்பவுவா என்னும் ஊரிற் செல்வர் குடியிற் பிறந்தவர். கமரா கைக்கு வருமுன்னரே, கண்டதைக் கண்ணுக்குள் அடைத்துவிட முயன்ற குழந்தை அவர். கண்ணை மூடித் திறந்து, சட்டெனச் சுழன்று, காட்சியைப் பிடித்துவிட்டதாக எண்ணி மகிழ்வாராம். பிடித்தது நில்லாமை கண்டு வருந்துவாராம். 1902 ஆம் ஆண்டில் தந்தையார் அவருக்கு ஒரு கமரா வாங்கிக் கொடுத்தார். கண்ணால் முடியாதது கருவியால் முடிந்தது.

அவர் படமெடுத்தவை யாவை? ஒன்றும் பெரிதன்று. 1905 ஆம் ஆண்டில் ஒரு நாள், அவருடைய மைத்துனி முறையான பெண்ணொருத்தி நீண்ட பாவாடையோடு மாடிப்படிகளின் மேலிருந்து பாய்கிறாள். நிலத்தில் இறங்குமுன் அவளைப் படம் பிடித்துவிட்டார். ஸிசூ என்று வீட்டார் அழைத்த தமையன், ரூசா என்னுமிடத்திலிருந்த குடும்பத்து மாளிகைத் தோட்டத்தில், மரச்சட்டமும் துணியும் கொண்டு பறக்கும் பொறிகளைத் தானே கட்டினான். சக்கரம் பூட்டிய வண்டிகளைச் செய்து சரிவிலே உருட்டினான். 1910 ஆம் ஆண்டில் அவன் கட்டிய பொறியொன்று நிலத்தை விட்டு எழுகிறது. கீழே நின்ற பிள்ளைகளெல்லாம் அதனோடு தாமும் பறப்பவர்போற் கைவிரித்து ஓடுகின்றனர். அந்தக் கணமும் படத்தில் உண்டு. கடற்கரை, மோட்டார் ஓட்டப் பந்தயம், பனிமலைப் பயணம், நண்பர் கூடிய விருந்து என்று நாள்தோறும் நிகழ்ந்தவற்றை எடுத்து, தாமே ஒட்டி, தாமே குறிப்பெழுதி அல்பம் அல்பமாகச் சேர்த்தார்.

தம்மை ஓர் ஓவியரென்றே அவர் கருதினார். படங்களின் பெருமையை உலகமும் அறியவில்லை. அவருக்கு 69 வயதான 1963 ஆம் ஆண்டிலேதான், நியூயோர்க் நகரத்து நவீன கலை நூதனசாலையில், ஜோன் சார்க்கோவ்ஸ்கி என்பார் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதி கெனடி கொல்லப்பட்ட செய்தி தாங்கி வந்த 'லைஃப்' சஞ்சிகை இதழிலே அப்படங்களும் வெளிவந்தன. துயரச் செய்தி அறிய இதழை வாங்கிய இலட்சக்கணக்கான வாசகர், அதனுள்ளே ஓடியும் பாய்ந்தும் விளையாடும் இப்பிள்ளைகளையும் கண்டனர். 1979 ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட அல்பங்களையும் நெகட்டிவ்களையும் பிரெஞ்சு அரசுக்குக் கொடையாக அளித்த லார்த்திக், 1986 ஆம் ஆண்டிலே காலமானார்.

ஒருவர் கேட்கலாம்: இவையெல்லாம் செல்வப் பிள்ளையின் விளையாட்டுத்தானே? உண்மை. 1914 ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்போரின் கொடுமையை அந்த அல்பங்களில் தேடுவார் ஏமாற்றமடைவர். மகிழ்ச்சியைத் தேடித் தேடி ஒட்டிய தொகுதி அது. ஆயினும் அந்தப் பெண் படியிலிருந்து பாய்ந்த கணத்தை வேறெந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. போரை எழுதிவைக்க அரசர்களின் எழுத்தர் உளர். பாய்ச்சலை எழுதிவைக்க ஒரு தம்பியே உண்டு.

மேலும் ஒன்று. அந்த வீட்டாருக்கு அல்பங்களை வைக்க இடமிருந்தது. ஓர் இரவிற் புறப்படுமாறு அவர்களை எவரும் ஏவவில்லை.

நாலு மணி விருந்து

எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். என் வயதினன். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. அக்காலத்தில் எங்களுக்கு இருபது வயதுக்கு மேல் ஓரிரண்டு. அவனிடம் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய கமரா ஒன்று இருந்தது. பற்றரி வேண்டாதது. பிலிம் றோல் கிடைப்பது அருமை. கிடைத்தால் 36 படம். ஓராண்டுக்கு அது போதுமாறு அவன் கணக்கிட்டு எடுப்பான்.

எங்கள் பிறந்தநாள் விருந்துகள் பிற்பகல் நான்கு மணிக்கே நடந்தன. இரவிற் படமெடுக்க வெளிச்சம் இல்லை என்பதே காரணம். மாமரத்தின் கீழே வாங்கில் ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் அவித்த மாவுப் பண்டமும் பனங்கட்டியும் வைத்து, வெயில் சாயுமுன் படமெடுத்துக்கொள்வோம். குடாநாட்டை விட்டு வெளியேறுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ஆதலின் எங்கள் பிரயாணங்கள் யாவும் துவிச்சக்கர வண்டி சென்றடையும் தூரமே. நிலாவரைக் கிணறு, வல்லிபுரக் கோவில், மணற்காட்டிலே மணலுள் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள், செல்வச்சந்நிதி. இவ்வளவும் அவன் அல்பத்தில் இருந்தன. பெரிய தேசங்களைக் கண்டவர்போல ஒவ்வொன்றன் முன்னும் நாங்கள் நின்றோம்.

கையாற் செய்தவையும் இருந்தன. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவன் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவில் எழும் மின்னினால் வானொலி கேட்போம். செய்தி முடியுமுன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கு ஒன்றை அவன் செய்து, அதற்கு முன்னாலே ஒரு பூவையும் வைத்துப் படமெடுத்திருந்தான். தைப்பொங்கலை ஒட்டி நாங்கள் கட்டிய எட்டுமூலைப் பட்டமும் விண்ணும் ஒரு படம். அவற்றின் கீழே பென்சிலாற் பெயரும் நாளும் எழுதுவான்.

நான் அந்நாளிற் பண்டிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "ஒரு றோலின் விலைக்கு ஓர் உரைநூல் வாங்கலாமே" என்று அவனைக் கண்டித்ததுண்டு. அவன் சிரிப்பான். ஒருமுறை கமராவை என் கையிற் கொடுத்து, "பண்டிதரே, என்னையும் ஒருக்கால் எடும்" என்றான். சிக்கன விளக்கைக் கையில் ஏந்தி நின்றான். அந்தப் படம் சிறிது கலங்கி வந்தது. என் கை நடுங்கிவிட்டது. ஆயினும் அதில் அவன் பல் தெரியச் சிரித்தான். அதனையும் ஒட்டிக்கொண்டான்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள். வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சிக்குப் புறப்பட்டனர். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடியெடுத்து வைக்க இடமில்லை. அன்று மாலை அவன் பொலித்தீனிற் சுற்றிய அல்பத்தோடு என் வீட்டுக்கு வந்தான். அவனுடைய வண்டியின் முன்னே அரிசிப் பை, பின்னே நடக்கமாட்டாத பாட்டியார். "உன் பெட்டிக்குள்ளே இதற்கு ஓர் இடம் தா" என்றான். என் பெட்டியிலே நூல்கள் இருந்தன. சுன்னாகத்திற் பதிப்பிக்கப்பெற்ற, கணேசையர் குறிப்புகளோடு கூடிய தொல்காப்பியப் பகுதிகள், சங்க நூல்கள் சில, என் குறிப்பேடுகள். ஒன்றை எடுத்தால் அல்பம் அடங்கும். நான் எடுக்கவில்லை. "பத்து நாளில் திரும்பி வருவோம், அலுமாரியிலே வைத்துவிட்டு வா" என்று சொன்னேன். அவன் மறுமொழி பேசாமற் போய்விட்டான்.

நாங்கள் திரும்பியது 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். அவன் வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி மழையில் ஊறிச் சரிந்து கிடந்தது. உள்ளே கறையான் புற்று. அல்பத்தின் அட்டையும், எழுத்தழிந்த தாள் சிலவும், ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிய சுருளும் கிடைத்தன. அவன் அவற்றை நெடுநேரம் பார்த்தான். பின்னர் என்னைத் திரும்பி நோக்கி, "உன்ரை புத்தகங்கள் பத்திரமே?" என்று கேட்டான். அக்கேள்வியிலே குத்தல் சிறிதும் இல்லை. அதுவே இன்றும் என்னைக் குத்துகிறது.

அவ்வாண்டே ஒருநாள் வீட்டை விட்டுச் சென்றவன் திரும்பவில்லை.

அந்த நூல்களையெல்லாம் பிற்காலத்திற் பலரும் மறுபதிப்புச் செய்துவிட்டனர். கடையிற் பெறலாம், நூலகத்திற் பெறலாம். பல படிகள் உள்ள ஒன்றைக் காத்து, ஒரே படியுள்ள ஒன்றை மழையில் விட்டேன். நூலறிவு எனக்கு இருந்தது; எது நூல் என்னும் அறிவு இருக்கவில்லை.

சொல்வார் வேண்டும்

2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியிற் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கே சென்று நின்றபோது, தாய்மார் ஏந்தியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடையாள அட்டைக்கு எடுத்தவை பல. மற்றவை எங்கோ ஒரு கலியாண வீட்டில், ஒரு பிறந்தநாளில், ஒரு சுற்றுலாவில் நண்பரோடு நின்று எடுத்தவை. மற்றவரை வெட்டி நீக்கி ஒருவரை மாத்திரம் பெருப்பித்திருந்தனர். ஒரு படத்தின் ஓரத்திலே இன்னொருவரின் கை, இவன் தோள்மேற் கிடந்தது. வேடிக்கைக்கு எடுத்த படம் வழக்குக்குச் சான்றாகி நின்றது. எடுத்தவன் அதனை அறிந்திருப்பானா?

பரிபாடலிலே திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைப் பற்றிய பகுதியைப் பல்லாண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகிறேன். அங்கே ஓவியங்களைக் காண வந்தோர், இவன் யார், இவள் யார் என்று வினவுவர். உடன் நிற்போர், இவன் காமன், இவள் இரதி, இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை என்று சுட்டி விடையளிப்பர். படம் தானே பேசுவதில்லை. அருகிருந்து சொல்வார் ஒருவர் வேண்டும் என்னும் உண்மையை அப்புலவர் அன்றே கண்டிருந்தார். நடுகல்லிற் பெயரைப் பொறித்த நம் முன்னோரும் அதனை அறிந்தவரே. பெயரில்லாக் கல் வழிப்போக்கன் அமரும் கல்லாகிவிடும்.

சென்ற ஆண்டு என் நண்பனின் தாயார் என்னை அழைப்பித்தார். எண்பதைக் கடந்தவர். சுவரிலே அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருக்கிறார். கழுத்துப் பொத்தான் பூட்டி, காது தெரிய, நேரே நோக்கும் முகம். "தம்பி, அவன் இப்பிடி ஒருநாளும் இருந்ததில்லை. சிரிச்சபடி நிக்கிற படம் ஒண்டாவது உன்னட்டை இருக்கே?" என்று கேட்டார். என்ன சொல்வேன்! அப்படியொன்றை எடுத்தவனும் நானே, இழப்பித்தவனும் நானே.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் 1993 ஆம் ஆண்டிற் கிளாலி கடந்து வெளியேறியவன், ரொறன்ரோவில் வாழ்கிறான். அவனுக்கு எழுதிக் கேட்டேன். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுசென்ற ஒரேயொரு படம் உண்டென்று, அதனைப் பிரதிசெய்து அனுப்பினான். கவிழ்த்த துவிச்சக்கர வண்டியைச் சூழ நாங்கள் நால்வர், நடுவே வானொலி. காலை வெயில். என் நண்பனைத் தேடினேன். இல்லை. கமராவைப் பிடித்தவன் அவனல்லவா?

எனினும் அதனைத் தாயாரிடம் கொண்டுசென்றேன். கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்தார். எங்கள் முகங்களை அவர் பார்க்கவில்லை. எங்கள் காலடியிலே, முற்றத்து மணலில், படமெடுத்தவனின் நிழல் நீண்டு விழுந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்து, "உது அவன்தான் தம்பி. முழங்கையைப் பார். சின்னனிலை விழுந்து முறிச்ச கை. ஒருபக்கம் தூக்கினபடிதான் நிக்கும்" என்றார். நாங்கள் நால்வரும் பார்த்து அறியாததை அவர் கண்டார். படத்தை மடியில் வைத்துக்கொண்டார். சிரித்த முகம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நான் சொல்லவுமில்லை. ஆயினும் ஒளிப்படம் என்னும் சொல்லுக்காக வழக்காடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். நிழற்படம் என்றே எழுதுகிறேன்.

மாணவியின் அல்பத்துக்கு வருவோம். நல்ல தமிழ் எழுதித் தருமாறு கேட்டாளன்றோ? "அழகுச் சொற்கள் வேண்டாம், பிள்ளை. நிற்பவர் அனைவரின் பெயரையும், இடத்தையும், நாளையும் படத்தின் பின்புறத்திற் பென்சிலால் எழுது. கைத்தொலைபேசியை நம்பி இராதே, அச்சிடு. அச்சிட்டதிலும் ஒரு படி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்" என்றேன். தலையசைத்து எழுந்தாள். வாயிலைத் தாண்டுமுன் மீண்டும் அழைத்து, மறந்த ஒன்றையும் சொன்னேன்:

"படத்தை எடுத்தவர் யார் என்பதையும் எழுது."